லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடக் கொடுத்தால், திரும்ப வாங்கும்போது ரேமையும் பாருங்கள்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்புப் பாகம்) மாற்றக் கடையில் கொடுத்த லேப்டாப்பில், புதுசுக்குக் காசு வாங்கிக்கொண்டு யாரோ வருஷக்கணக்காக ஓட்டிய பழைய எஸ்எஸ்டியைப் போட்டுக் கொடுத்தார்கள். அது போதாதென்று உள்ளே இருந்த 8 ஜிபி ரேமை (திறந்திருக்கும் புரோகிராம்களுக்கான தற்காலிக நினைவகம்) உருவிவிட்டு 4 ஜிபியைச் செருகியிருந்தார்கள். சென்னைப் புறநகரில் எப்போதும் நாலு பேர் நிற்கிற கடைதான். புகார் போயிருக்கிறது, அதனால் இப்போதைக்குப் பெயர் வேண்டாம்.

மெஷின் தங்கச்சியுடையது. 2020இல் வாங்கிய டெல் இன்ஸ்பிரான், ஐ5, 1 டிபி ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்து மாடல்களில் பிராசஸருக்கு ஒரு குறையும் இருக்காது, நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் மெதுவான டிஸ்க்தான் உயிரை வாங்கும். ஆன் பண்ணிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தாலும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். நான் வெளியூரில் இருந்ததால் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் போடுவது எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். வாங்கி வந்த அன்றே போன்: "அண்ணா, சும்மா பறக்குது!"

இந்தத் திருட்டு ஓடுவதே அந்தச் சந்தோஷத்தை நம்பித்தான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் எந்த மெஷினும் பறக்கும், போட்டது புதுசா தேய்ந்ததா என்று வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ரேமில் பாதி போனதும் உடனே தெரியாது, ஏனென்றால் ரேம் பத்தாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் இடம் பிடித்துச் சமாளிக்கும், டிஸ்க்தான் இப்போது வேகமாகிவிட்டதே. ஜூமில் இருக்கும்போது குரோமில் கொஞ்சம் டேப் திறந்தாலே திக்குகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்து பார்த்தேன்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 4 ஜிபி, ஸ்பீடு 2400 என்று காட்டியது. டெல் தளத்தில் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணைப் போட்டால் ஃபேக்டரியிலிருந்து என்னென்ன பாகங்களோடு கிளம்பியது என்ற விவரம் வரும். அதில் 8 ஜிபி ஒற்றை ஸ்டிக், 2666 என்று இருந்தது. சிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள், அதில் எஸ்பிடி பக்கத்தில் ரேம் எந்த வருஷம், எந்த வாரம் தயாரானது என்பது வரை பெரும்பாலும் தெரியும். இதில் 2017. அடுத்து, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தேன். பவர் ஆன் அவர்ஸ், அதாவது இதுவரை ஓடிய மணி நேரம், 11,300 சொச்சம், ஹெல்த் 71 சதவீதம். தினமும் எட்டு மணி நேரம் ஓடியிருந்தாலும் கிட்டத்தட்ட நாலு வருஷம்! மேலே மட்டும் கடையின் வாரண்டி ஸ்டிக்கர் பளபளவென்று புதுசாக இருந்தது, கம்பெனி லேபிளின் சீரியல் நம்பரை நன்றாக மறைத்தபடி.

கடைக்காரர் முதலில் "சார், உங்க மெஷின்ல மொதல்லயே 4 ஜிபிதான்" என்றார். டெல் பக்கத்தைக் காட்டியதும் "பையன் மாத்திப் போட்டிருப்பான்" என்று ஆனது. ஏதோ ஒரு 8 ஜிபி ஸ்டிக் கைக்கு வந்தது, நம்முடையதா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கையும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், "நீங்கதான் விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று. ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்பப் போட்டோ எல்லாம் அதில்தான். குரலை உயர்த்திய பிறகு ஒரு டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார்கள். அந்த டப்பாவில் அதே மாதிரி இன்னும் பல டிஸ்க்குகள், யார் யாருடையதோ. எஸ்எஸ்டி விஷயத்தில் மட்டும் மனிதர் அசையவே இல்லை: "புதுசுன்னு நான் சொன்னேனா?" கையால் எழுதிய பில்லில் "512 எஸ்எஸ்டி, 1 வருஷம்" என்பதோடு சரி. கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை.

கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ஒரு சீல். இந்த சீலைப் பார்த்துப் பயந்து வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைதான். திரும்பக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே வகைதான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்தால் புகாரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும் எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் கம்பெனி ஹார்ட் டிஸ்க்குகளை, ஓடிய நேரக் கணக்கை அழித்துப் புதுசு என்று விற்றது வெளியே வந்தது; சீகேட் தரப்பில் அப்படி அனுப்பவில்லை என்றார்கள், இடையில் யாரோ செய்த வேலை. அதனால் பவர் ஆன் அவர்ஸ் பூஜ்யமாக இருந்தாலும் சீரியல் நம்பரைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டி எப்போது முடிகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் மெமரி பக்கத்தையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். திரும்ப வாங்கும்போது கடை கவுன்டரிலேயே ஆன் பண்ணிப் பாருங்கள், காசு அப்புறம்.

இன்னொன்று, இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. அடி மூடியைத் திறந்ததும் முதல் காரியமாக பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். சின்ன அட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டிக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. ரேமுக்கு இரண்டு பக்கமும் கிளிப், விலக்கினால் தானே சாய்ந்து எழும்பும். மூடியின் பிளாஸ்டிக் லாக்குகளுக்குத்தான் பொறுமை வேண்டும், ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாமல் பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்துத் தள்ளினால் விட்டுக்கொடுக்கும்.

தங்கச்சி லேப்டாப்பில் இப்போது நானே வேறு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டிருக்கிறேன், சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த அந்தப் பழையதை ஒரு கவரில் போட்டு பில்லோடு வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்ட வேண்டி வரும்.