மினி 1000, பீட்டில் 1300: சிங்கப்பூர் வெயிலுக்கு எது தாங்கும்?

இந்த இரு பழைய கார்களில், ஏட்டுக் கணக்கில் மினிக்குத்தான் முன்னிலை. 998 சிசி எஞ்சின், 38 குதிரைத்திறன், எடை சுமார் 630 கிலோ. பீட்டிலின் 1285 சிசி எஞ்சின் தருவது 40 குதிரைத்திறன். அது இழுக்க வேண்டியதோ 820 கிலோ. இரண்டும் உச்சத்தில் 120 கி.மீ. வேகத்தை ஒட்டித்தான் ஓடும். தீவு விரைவுச்சாலையில் அதுவே தாராளம். பீட்டிலின் முறுக்குவிசை (எஞ்சினின் இழுவிசை) நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுவதால், அடுக்குமாடி கார் நிறுத்துமிடச் சரிவுகளில் எஞ்சினை அலறவிடாமல் ஏறலாம்.

இங்கே வண்டியைப் படுக்க வைப்பது சூடுதான்.

மினியின் ரேடியேட்டர் முன்பக்கம் இல்லை, எஞ்சினுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. சூடான காற்றைச் சக்கர வளைவுக்குள் தள்ளுவது எஞ்சினோடு சுற்றும் விசிறி. நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்தக் காற்றோட்டம் போதாது. இரண்டு வேலை செய்தால் பாதித் தொல்லை தீரும்: அடைப்பில்லாத ரேடியேட்டர், சக்கர வளைவில் கூடுதலாக ஒரு மின்விசிறி. வாட்டர் பம்ப்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் (எஞ்சினின் மேல்பகுதி) நடுவே விரல் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ், அதாவது தண்ணீர்க் குழாய், இருக்கும். கையே நுழையாத இடம். ஹெட்டைக் கழற்றும் சமயம் கிடைத்தால் அதையும் மாற்றிவிடுங்கள், பிறகு ஒழுகினால் வேலை பெரிது.

மழைக்கும் மினி அஞ்சும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் இருப்பதால், பிற்பகல் பெருமழையில் தண்ணீர் தெறித்து எஞ்சின் திக்கித் திணறி நிற்கும். அதன் மூடியின் மேல் ரப்பர் கையுறையை மாட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு ஒயரை வெளியே எடுப்பது பழைய வைத்தியம். நன்றாகவே வேலை செய்யும்.

பீட்டிலுக்குத் தண்ணீரே கிடையாது; காற்றும் 2.5 லிட்டர் ஆயிலும்தான் அதைக் குளிர்விக்கின்றன. ஆயில் ஃபில்டர் இல்லை, கம்பி வலை மட்டுமே. ஆகவே 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றத் தவறக்கூடாது. பழைய அமைப்பில் ஆயில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிப்பதால் அங்கேதான் வால்வு முதலில் உடையும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் கீழேயுள்ள சூடான காற்றையே விசிறி திரும்ப இழுக்கும். பலர் கவனிக்காத இடம் இது. ஓடும்போது சிவப்பு ஜெனரேட்டர் விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள், விசிறியும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

ஈயமில்லாப் பெட்ரோலிலும் பீட்டிலுக்கே சாதகம். அதன் அலுமினிய ஹெட்டில் வால்வு இருக்கைகள் (வால்வு மூடும்போது அமரும் விளிம்புகள்) தனி வளையங்களாகப் பதிக்கப்பட்டவை. மினியின் இரும்பு ஹெட்டில் கடினமான இருக்கை போடாவிட்டால், இந்தப் பெட்ரோலில் பழைய இருக்கைகள் மெல்லத் தேயும்.

ஈரச்சாலை வளைவுகளில் மட்டும் மினியை அடிக்க முடியாது. வளைவின் நடுவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பீட்டிலின் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும்.

பழைய கார்களுக்கான சிங்கப்பூரின் கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம் என்பதால் வண்டி பெரும்பாலும் நின்றே கிடக்கும். அப்படி வைப்பதற்கு பீட்டிலையே சொல்வேன். வாங்குமுன் எஞ்சினை நிறுத்திவிட்டு, கிராங்க் புல்லியை (பெல்ட் ஓடும் கீழ்ச்சக்கரம்) பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். 'டக்' என்று ஆடினால் பேரிங் போயிருக்கலாம், விலையைப் பேசுவதற்கு முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மினி என்றால் பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான பின் சப்ஃபிரேமைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். துருவில் உள்ளே போனால் வேறு வண்டி தேடுங்கள்.