“உங்க பிளாகைப் புத்தகமாக்கித் தர்றோம் மேடம்”

வலைப்பூ வைத்திருப்பவர்கள், முகநூலில் தொடராக எழுதுகிறவர்கள், நோட்டுப் புத்தகத்தில் கவிதை சேர்த்து வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடக்கும். அதற்குப் புத்தகம் தயாராக வேண்டும் என்ற அவசரத்தைக் காட்டியே, எழுதுகிறவரிடமே பணம் வாங்கிப் புத்தகம் போட்டுத் தரும் நிறுவனங்கள் அக்டோபர், நவம்பரில் வலை வீசுகின்றன. என் புத்தகத்தைப் போட்ட நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. தவிர, இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பெயரைத் தெரிந்துகொள்வதால் பெரிய பயனில்லை.

தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி நான் பல வருடங்களாக வலைப்பூவில் எழுதி வந்தேன். அம்மாவும் சித்தியும் அளத்தில் வேலை பார்த்தவர்கள். விடியுமுன் கிளம்புவது, பாத்தியில் உப்பு வாருவது, காலில் வெடிப்பு, கூலி தகராறு, மழைக்காலத்தில் வேலையில்லாமல் கடன் வாங்குவது என்று எழுதியவற்றுக்குக் கொஞ்சம் வாசகர்கள் இருந்தார்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் இருக்கும் ஊர்க்காரப் பையன்கள் பின்னூட்டத்தில் வந்து தங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். என் பதிவுகளைவிட அந்தப் பின்னூட்டங்கள் நன்றாக இருக்கும்.

அப்படி ஒரு பதிவுக்குக் கீழேதான் முதலில் பாராட்டு வந்தது, பிறகு வாட்ஸாப்பில் தொடர்ந்தது. “மேடம், உங்க எழுத்துல அப்படியே மண்வாசனை வீசுது. இது புத்தகமா வரலைன்னா தமிழுக்குத்தான் நஷ்டம்.” உப்பளத்தில் மண்வாசனை எங்கிருந்து வீசும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பேசியவர் என் பதிவுகளின் தலைப்புகளைச் சரியாகச் சொன்னார்.

கோல்டு பேக்கேஜ், 42,000 ரூபாய். எடிட்டிங், லேஅவுட், அட்டை வடிவமைப்பு, 100 பிரதிகள், அமேசான், ஃபிளிப்கார்ட்டில் விற்பனை, கிண்டில் மின்னூல், புத்தகக் காட்சியில் இடம், நூலக ஆணைக்கு (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை) ஏற்பாடு. இதற்குள்ளேயே ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (புத்தகப் பதிப்புக்குத் தரப்படும் தனி அடையாள எண்) 3,500, காப்புரிமைப் பதிவுக்கு 6,000 என்று தனித்தனியே போட்டிருந்தார்கள். ஐஎஸ்பிஎன் எண்ணை டெல்லியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. தன் புத்தகத்தைத் தானே வெளியிடும் எழுத்தாளரும் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமை எழுதிய கணமே நமக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. பதிந்தே ஆக வேண்டுமென்றாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

பணம் போன பிறகு வந்த முதல் கோரிக்கை, வலைப்பூவில் இருக்கும் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது. “அமேசான்ல பாலிசி மேடம். நெட்ல ஃப்ரீயா இருந்தா புத்தகத்தையே தூக்கிடுவாங்க.” இதில் பாதி உண்மை இருப்பதுதான் விஷயம். கிண்டிலில் ‘கேடிபி செலக்ட்’ என்றொரு திட்டம் உண்டு. அதில் சேர்த்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலின் உள்ளடக்கம் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது, நம் சொந்த வலைப்பூவிலும்கூட. மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை விட்டுவைக்கலாம். இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் இந்தத் திட்டத்தில் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் 35 சதவீதம். சேர்வதும் சேராததும் எழுதியவரின் முடிவு. அச்சுப் புத்தகத்துக்கு இந்த நிபந்தனையே கிடையாது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பதிவுகளை அழிக்காமல் வரைவுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து வாசகர்களுக்கு வெற்றுப் பக்கம்தான். கூகிளில் தேடி வருபவர்களும் நின்றுபோனார்கள். இதில் கோபம் வரவைப்பது என்னவென்றால், அந்த மின்னூல் வரவே இல்லை. ‘ஃபார்மேட்டிங் போயிட்டிருக்கு’ என்ற ஒரே பதில் மாதக்கணக்கில் வந்தது. எங்கள் அளத்துக் கதை அந்தக் காலம் முழுவதும் இணையத்திலும் இல்லை, கிண்டிலிலும் இல்லை. யாராவது பதிவுகளை எடுக்கச் சொன்னால், எந்தத் திட்டத்தில், எந்தத் தேதியிலிருந்து, யாருடைய கணக்கில் என்று எழுத்தில் கேளுங்கள். எடுக்கும் முன் பிளாகர் அமைப்புகளில் இருக்கும் காப்பு வசதியில் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டிங் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு பிழைதிருத்தியில் முழுப் புத்தகத்தையும் போட்டு எடுத்திருக்கிறார்கள். ‘அளத்துக்குப் போனார்கள்’ என்று நான் எழுதிய இடங்களில் ‘அளவுக்குப் போனார்கள்’ என்று வந்திருந்தது. சித்தி படித்துவிட்டு, “எந்த அளவுக்குடி போனோம்?” என்று கேட்டாள். லேஅவுட் இன்னும் மோசம். நான் கொடுத்தது யூனிகோடு கோப்பு, அதாவது இப்போது இணையத்தில் எல்லோரும் தமிழுக்குப் பயன்படுத்தும் எழுத்து முறை. அவர்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டிருந்தார்கள். அந்தப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். அதனால் புத்தகத்தில் எங்கெல்லாம் ஆங்கிலச் சொல் வந்ததோ அங்கெல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் குவியல். மேற்கோள் குறி பல இடங்களில் வேறு எழுத்தாகிவிட்டது. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ளகரமே வந்து நின்றது.

இது வெறும் பிழை விவகாரம் இல்லை. அப்படித் தயாரான பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், ஒன்றும் புரியாது. அதிலிருந்து மின்னூல் செய்ய முடியாது, தேட முடியாது, அடுத்த பதிப்புக்கு வேறு அச்சகத்திடம் கொடுத்துத் திருத்தவும் முடியாது. மறுபடியும் அவர்களிடம்தான் போக வேண்டும், மறுபடியும் லேஅவுட் கட்டணம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் இப்போதைய பதிப்புகளில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகவே வருகிறது. வேர்ல்டு ரெடி கம்போஸர் என்பதைத் தெரிவுசெய்தால் போதும். ஆகவே யாரிடம் லேஅவுட் கொடுத்தாலும் யூனிகோடில் செய்வார்களா, பிடிஎஃபோடு மூலக் கோப்பையும் தருவார்களா என்பதை முன்பணத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் மூலக் கோப்பைக் கேட்டபோது “அது கம்பெனி பிராப்பர்ட்டி மேடம்” என்றார்கள்.

100 பிரதிகளில் என் வீட்டுக்கு வந்தவை 25. மீதி பிரிண்ட் ஆன் டிமாண்ட், கேட்கும்போது அடிப்போம் என்றார்கள். எனக்கே என் புத்தகம் கூடுதலாக வேண்டுமென்றால் பிரதிக்கு 150 ரூபாய். அட்டையில் போட்ட விலை 250. இதே டெம்மி சைஸ், இதே பக்கம், 70 ஜிஎஸ்எம் தாள், மேட் லேமினேஷன் அட்டை என்று சிவகாசியில் ஓர் அச்சகத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன விலை அந்த 150-ல் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. நூறு சதவீத ராயல்டி என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் சூட்சுமம் இங்கேதான். விலையிலிருந்து முதலில் அவர்கள் சொல்லும் அச்சுச் செலவு போகும், பிறகு தளக் கமிஷன் போகும், மிஞ்சுவதில்தான் நூறு சதவீதம். என் கணக்கில் பிரதிக்கு 12 ரூபாய் நின்றது.

அந்தப் பன்னிரண்டும் வந்ததா? பெங்களூரில் இருக்கும் அத்தை மகன் ஐந்து பிரதி வாங்கி அலுவலகத்தில் கொடுத்தான். என்னோடு படித்த இருவர் ஆளுக்கொன்று வாங்கினார்கள். எல்லோரும் ஆர்டர் எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். அந்தக் காலாண்டின் விற்பனை அறிக்கையில் இருந்த எண்ணிக்கை 2. கேட்டதற்கு “போர்ட்டல் அப்டேட் ஆகல மேடம்”. அடுத்த காலாண்டில் பூஜ்யம். புத்தகம் அவர்களுடைய விற்பனையாளர் கணக்கில் இருக்கும்வரை நமக்குத் தெரிவது அவர்கள் சொல்லும் எண் மட்டுமே. கிண்டில் நேரடிப் பதிப்பில் (கேடிபி என்பது இதுதான்) நம் பெயரில் கணக்குத் தொடங்கக் காசே கிடையாது. தமிழ் மின்னூல்கள் கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து விற்பனைக்கு இருக்கின்றன. நம் கணக்கில் நாமே ஏற்றினால் எத்தனை விற்றது, எத்தனை பக்கம் படித்தார்கள் என்பதை நாமே பார்க்கலாம். ‘டெக்னிக்கல் வேலை, உங்களால முடியாது’ என்று சொல்லி இதற்கும் பணம் பறிக்கிறார்கள். வலைப்பூவில் பதிவேற்றத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையே இல்லை.

ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்குப் போனேன். அந்த நிறுவனத்துக்கு அரங்கே இல்லை. நாலைந்து இடத்தில் விசாரித்து, வேறொரு பதிப்பகத்தின் அரங்கில் அடித்தட்டில் சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் என் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். கல்லாவில் இருந்த தம்பி வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னார்: “பத்துப் பத்து காப்பியா பதினஞ்சு டைட்டில் இறக்கிட்டுப் போனாங்க மேடம். ரேக்குக்குப் பேசின காசையே இன்னும் தரல.” அந்தப் பதினைந்தில் ஒன்று, கல்லூரிப் பிள்ளைகளின் கவிதைத் தொகுப்பு. ஆளுக்குச் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பக்கக் கவிதையைப் போட்டு, ‘இணை ஆசிரியர்’ என்று சான்றிதழ் கொடுக்கும் வகையறா. அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. வாசகர் ஒருவர்கூட வாங்காவிட்டாலும் அந்தக் கம்பெனிக்கு நஷ்டமில்லை. எழுதியவர்களிடமிருந்தே லாபம் வந்துவிட்டது. என் புத்தகத்தை அடித்தட்டில் போட்டதற்கும் அதுவே காரணம்.

நூலக ஆணைக்கு ‘ஏற்பாடு’ என்பதில் சொல்ல எதுவுமில்லை, விண்ணப்பமே போகவில்லை. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்பாளர் தன் செலவில் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டிய பிரதிகூடப் போகவில்லை.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. ‘காப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி. இந்தியாவில் காப்புரிமை, எழுதியவரின் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுகள். அதாவது என் பேரப்பிள்ளைகளும் அவர்களிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். எங்கள் தெரு வக்கீல் அண்ணாச்சி இன்னொன்றையும் விளக்கினார். 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி என்று சொல்லியிருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, பகுதி சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். என்னிடம் அவர்கள் வாங்கியது ஒரு இணையப் படிவத்தில் டிக் மட்டும், கையெழுத்தில்லை. அண்ணாச்சி அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதுவரை போனே எடுக்காதவர்கள் இரண்டாம் நாளே கூப்பிட்டு, 8,000 திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போனோம். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அவர்கள் தரப்புப் பதில், நான் புத்தக வியாபாரம் செய்கிறவள், ஆகவே நுகர்வோரே இல்லை என்பது. பிரதிக்குப் பன்னிரண்டு ரூபாய் வியாபாரம்! அடுத்த வாய்தாவுக்கு ஸ்கிரீன்ஷாட்டுகள், வாட்ஸாப் உரையாடல், பணம் போன வங்கிப் பதிவு எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறோம். ரசீது கேட்டால் ‘மெயில்ல வரும்’ என்று இழுப்பார்கள். வராதவரை அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். தனிநபர் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

பதிவுகளை மறுபடி வலைப்பூவில் ஏற்றிவிட்டேன். புதிய பதிப்புக்குப் பழைய ஐஎஸ்பிஎன் ஆகாது, அது அவர்களுடைய பதிப்புக்கானது. என் பெயரிலேயே விண்ணப்பித்திருக்கிறேன். இந்த முறை மெய்ப்பு பார்ப்பது சித்தி.