லினக்ஸ் மேசைக்கணினியின் அன்றாடச் சிறுகருவிகள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் உபுண்டு, மின்ட் போன்றவற்றில் எந்த வழங்கலை (லினக்ஸ் தொகுப்பை) நிறுவுவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. நிறுவிய பிறகு நாள்தோறும் நாம் புழங்குவதென்னவோ கோப்பு மேலாளர், கிளிப்போர்டு, திரைப்பிடிப்பு போன்ற சிறுகருவிகளில்தான். க்னோம், கேடிஇ பிளாஸ்மா ஆகிய இரு மேசைக்கணினிச் சூழல்களிலும் (லினக்ஸின் திரைத் தோற்றத்தையும் அடிப்படைக் கருவிகளையும் தருபவை) சில ஆண்டுகளாக மாறி மாறி வேலை செய்தவன் என்ற முறையில், ஒரு கருவியின் தோற்றத்தைவிட, நாம் கொடுத்ததை அது எங்கே, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதே முக்கியம் என்று கருதுகிறேன்.

இதற்குக் கிளிப்போர்டே நல்ல சான்று. நாம் ஒரு பத்தியை நகலெடுக்கும்போது அது உடனே பொதுவான ஓரிடத்துக்குப் போய்விடுவதில்லை. நகலெடுத்த செயலியே அதை வைத்துக்கொண்டு, வேறொரு செயலியில் ஒட்டும்போதுதான் எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே, இடையில் முதல் செயலியை மூடிவிட்டால், நகலெடுத்தவற்றைச் சேமித்து வைக்கும் கிளிப்போர்டு மேலாளர் ஒன்று இயங்காத நிலையில் நகலெடுத்தது காணாமல் போகக்கூடும். பிளாஸ்மாவுடன் வரும் கிளிப்பர் என்ற மேலாளர் இந்தக் குறையைத் தீர்ப்பதோடு, விண்டோஸ் விசையுடன் வி-யை அழுத்தினால் முன்பு நகலெடுத்தவற்றையும் வரிசையாகக் காட்டுகிறது. கடவுச்சொல்லும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானது. கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் மேலாளர்கள், இதைப் பதிய வேண்டாம் என்ற குறிப்பையும் சேர்த்தே அனுப்புவதால் கிளிப்பர் அதை விட்டுவிடுகிறது. இவை தவிர, எலியால் தேர்ந்தெடுத்த உரையை நடுச்சக்கரத்தை அழுத்தி ஒட்டும் பழைய வசதியும் உண்டு. பழகிவிட்டால் வேறு இயங்குதளத்தில் கை தடுமாறும்.

கோப்பு மேலாளர்களில் என் தேர்வு பிளாஸ்மாவின் டால்பின். எஃப்3 விசை சாளரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. எஃப்4 விசை கீழே டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பலகத்தை) திறக்கிறது. நாம் கோப்புறை மாறினால் டெர்மினலும் கூடவே மாறுகிறது. க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸ் 2012-இல் இந்த இரட்டைப் பலகத்தைக் கைவிட்டது. அதே காலத்தில்தான் லினக்ஸ் மின்ட் குழுவினர் அதிலிருந்து நீமோ என்ற தனிக் கோப்பு மேலாளரைப் பிரித்தெடுத்தனர். ஆனாலும், பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி, புதிய பெயர்கள் எப்படி அமையும் என்று முன்னதாகவே பார்த்துக்கொண்டு மொத்தமாகப் பெயர் மாற்றுவதற்கு நாட்டிலஸ் மிகவும் வசதியானது.

பென்டிரைவ் விஷயத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள கோப்பை அழித்தாலும் இடம் காலியாகாமலேயே இருக்கும். ஏனெனில் அது பென்டிரைவிலேயே, பெரும்பாலும் .டிராஷ்-1000 என்ற மறைவான கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். குப்பைத்தொட்டியைக் காலி செய்தாலோ, ஷிஃப்ட்டுடன் டெலீட் அழுத்தி அழித்தாலோதான் இடம் கிடைக்கும். மற்றொன்று, நகலெடுப்பு முடிந்ததாகப் பட்டை காட்டிய பிறகும் தரவின் ஒரு பகுதி நினைவகத்திலேயே இருந்து மெதுவாக எழுதப்படலாம். வெளியேற்றும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

திரைப்பிடிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2022-இல் வந்த க்னோம் 42 முதல், பிரிண்ட் ஸ்கிரீன் விசையிலேயே பகுதி, சாளரம், காணொலிப் பதிவு எல்லாம் கிடைக்கின்றன. அம்புக்குறி இடவும் எண்களை மங்கலாக்கவும் பிளாஸ்மாவின் ஸ்பெக்டக்கிள் மேல். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-இன் காலத்துக் கருவிகள் சில, அதன் இடத்தைப் பிடித்துவரும் புதிய அமைப்பான வேலண்டில் செயல்படாமல் போவதற்குக் காரணம், பிற சாளரங்களை எந்தச் செயலியும் தன் விருப்பப்படி படமெடுக்க வேலண்ட் விடுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன்.

காப்புநகலுக்கு டைம்ஷிஃப்ட் ஒன்றே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது கணினி அமைப்பை மீட்பதற்கானது. இயல்புநிலையில் நம் ஹோம் கோப்புறையைத் தொடுவதில்லை. ஆவணங்களுக்கும் படங்களுக்கும் தேஜா டூப் என்ற காப்புநகல் கருவியைத் தனியாக வைத்திருக்கிறேன். வெளிவட்டில் இரண்டையும் சேமிக்க விரும்புவோர், டைம்ஷிஃப்ட்டுக்கென இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையில்) வட்டின் ஒரு பிரிவை ஒதுக்க வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் உள்ள பிரிவை அது ஏற்பதில்லை.