திறந்த இணையத்துக்காக யாருக்கு எழுதுவது: டிராய்க்கா, எம்.பி.க்கா?

இணையச் சமநிலைக்கு ஆபத்து என்று பேச்சு எழும்போதெல்லாம் நம் கைப்பேசிக்கு மூன்று வேண்டுகோள்கள் வந்து சேரும். இந்த மனுவில் கையெழுத்திடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். மூன்றையும் செய்யலாம்தான். ஆனால் வேலை முடித்து வீடு திரும்புகிறவருக்கு மிஞ்சுவது ஒரு மாலைப்பொழுது. அதை எதில் செலவிடலாம்? என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் டிராய் முதலில், எம்.பி. அடுத்து, கையெழுத்து மனு கடைசி. அமெரிக்காவில் வசிப்பவருக்கு இந்த வரிசை பொருந்தாது. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். டேட்டாவுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்றால், அதை வைத்து எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து நிறுவனம் வேகத்தையோ விலையையோ மாற்றக் கூடாது. இணையச் சமநிலை என்பது இவ்வளவுதான்.

டிராய்: கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் வென்ற கதை

2015 மார்ச் 27 அன்று டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற செயலிகளுக்கு உரிமம் வேண்டுமா, கட்டணம் வேண்டுமா என்பது பொருள். 118 பக்கங்கள், 20 கேள்விகள், பதில் அனுப்ப ஏப்ரல் 24 வரை அவகாசம். அந்த நடையைப் படித்து முடிக்கும் பொறுமை சாதாரணப் பயனாளருக்கு இருக்காது. தன்னார்வலர்கள் சிலர் அதைப் படித்து, 20 கேள்விகளுக்கும் மாதிரிப் பதில் எழுதி, சேவ் தி இன்டர்நெட் என்ற தளத்தில் வைத்தார்கள். ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு ஒரு காணொளி வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. மின்னஞ்சல் முகவரிகளோடு சேர்த்து அத்தனையையும் ஏப்ரல் 27 அன்று டிராய் தன் இணையதளத்தில் போட்டுவிட்டது. விளம்பர அஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு அன்று தீபாவளி. இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

பத்து லட்சம் என்ற எண்தான் எல்லார் நினைவிலும் நின்றது. ஆனால் வேலை செய்தது எண் இல்லை என்பது அடுத்த சுற்றில் தெரிந்தது. 2015 டிசம்பர் 9 அன்று, டேட்டாவுக்குத் தளத்துக்குத் தளம் வேறு விலை வைக்கலாமா என்று டிராய் தனியே ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த முறை நான்கே கேள்விகள். ஒருசில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை அப்போது ஃபேஸ்புக் முன்னிறுத்திக்கொண்டிருந்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. ஃபேஸ்புக்கைத் திறப்பவர்களுக்கெல்லாம் ஒரு பொத்தானைக் காட்டியது. அழுத்தினால் 'ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன்' என்று டிராய்க்கு மின்னஞ்சல் போகும். வந்து குவிந்த சுமார் 24 லட்சம் கருத்துகளில் 18 லட்சத்துக்கும் மேல் இந்த வகைதான்.

எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் ஃபேஸ்புக் வென்றிருக்க வேண்டும். டிராயோ, நாங்கள் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் இந்தக் கடிதங்களில் பதில் இல்லையே என்றது. கலந்தாய்வைத் தலை எண்ணும் கருத்துக்கணிப்பாக மாற்றுகிறீர்கள் என்று ஃபேஸ்புக்குக்கே கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று வெளியான விதிமுறை, உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றுவதைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். சில நாட்களிலேயே ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் கடையைக் கட்டியது.

டிராய் ஏன் இப்படி நடந்துகொண்டது? அதிகாரிகளின் நல்லெண்ணம் ஒரு பக்கம் இருக்கட்டும். டிராய் சட்டத்தின் 11(4) பிரிவு, ஆணையம் வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்கிறது. வந்த வாதங்களைப் பார்த்து, ஏற்றதையும் தள்ளியதையும் காரணத்தோடு எழுதாவிட்டால் விதிமுறையே நீதிமன்றத்தில் விழுந்துவிடும். விழுந்தும் இருக்கிறது. அழைப்பு துண்டித்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் கொடு, ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு வரை என்று டிராய் போட்ட விதியை, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வழக்கில் 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த வெளிப்படைத்தன்மைக் குறையும் ஒன்று. பயனாளருக்கு அது நஷ்டம்தான். ஆனால் அதே தீர்ப்புதான் நம் கடிதத்துக்கும் வலுச் சேர்க்கிறது. நீங்கள் எழுதும் வாதத்துக்கு டிராய் முகம் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டாயம் எம்.பி.க்குக் கிடையாது, மனுத் தளத்துக்கு அறவே கிடையாது.

ஆகவே டிராய்க்கு எழுதும்போது 20 கேள்விகளுக்கும் பதில் எழுதித் திணற வேண்டாம். உங்களுக்கு அனுபவம் உள்ள இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துபவர், பெரிய போட்டியாளரின் செயலி இலவசமாகவும் தன் செயலி டேட்டாவைத் தின்பதாகவும் இருந்தால் தன் வாடிக்கையாளர் எண்ணிக்கை என்னவாகும் என்று கணக்கோடு எழுதினால், அந்த ஒரு பக்கம் ஆயிரம் நகல் கடிதங்களுக்குச் சமம். கருத்து அனுப்பும் நாள் முடிந்த பிறகு மறுகருத்துக்கென்று தனியாக அவகாசம் தருவார்கள். அதை நம்மவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. நிறுவனங்கள் எழுதியதைப் படித்து மறுக்கும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

எம்.பி.: அமெரிக்கக் கணக்கு இங்கே ஏன் செல்லாது

நாடாளுமன்ற உறுப்பினரை அணுகுவதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 2012 ஜனவரி 18. இணையத்தில் திருட்டு நகலைத் தடுப்பதாகச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்த சோபா, பிபா என்ற இரண்டு மசோதாக்களை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் இருண்டது. தேட வந்த அமெரிக்கர்களிடம் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு, அவர்கள் பகுதி உறுப்பினரின் தொடர்பு விவரத்தைக் கொடுத்தது. சுமார் 80 லட்சம் பேர் அப்படித் தேடினார்கள். பிபாவை முன்மொழிந்தோர் பட்டியலில் இருந்த செனட்டர் மார்கோ ரூபியோ அன்றே ஆதரவை விலக்கிக்கொண்டார். வேறு பலரும் பின்வாங்கினார்கள். ஜனவரி 24 அன்று செனட்டில் நடக்கவிருந்த வாக்கெடுப்பு 20ஆம் தேதியே தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு மசோதாக்களும் பிறகு எழவே இல்லை.

இதைப் படித்து உற்சாகமாகி நம் எம்.பி.க்கு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க செனட்டர் காலையில் ஆதரித்ததை மாலையில் எதிர்க்கலாம், பதவி போகாது. நம் நாட்டில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம். உங்கள் கடிதம் எம்.பி.யின் மனத்தை மாற்றினாலும் அவர் கை அதே பக்கம்தான் உயரும்.

நம் அவையிலும் முயற்சி நடந்ததுண்டு. தளங்களில் யாராவது புகார் சொன்னால் 36 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கச் சொன்ன 2011ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளை ரத்து செய்யக் கோரி, கேரளத்தின் மார்க்சிஸ்ட் எம்.பி. பி. ராஜீவ் 2012 மே 17 அன்று மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தார். நல்ல விவாதம். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியும் விதிகளைக் குறை சொல்லிப் பேசினார். அமைச்சர் கபில் சிபல் எல்லாத் தரப்பையும் அழைத்துப் பேசுவதாக வாக்களித்தார். தீர்மானம் தோற்றது. அந்த விதிகளின் பல்லைப் பிடுங்கியது 2015 மார்ச் 24 அன்று, இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த வழக்கில், உச்ச நீதிமன்றம்தான்.

2023 டிசம்பர் இன்னும் மோசம். தொலைத்தொடர்பு மசோதா 20ஆம் தேதி மக்களவையிலும் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில் மொத்தம் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். தூத்துக்குடி கனிமொழி, கரூர் ஜோதிமணி, மதுரை சு. வெங்கடேசன் எல்லாரும் 14ஆம் தேதியே வெளியே. மதுரைக்காரர் ஒருவர் அந்த வாரம் தன் எம்.பி.க்கு எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், அதை அவையில் பேச ஆள் இல்லை. இதே சட்டத்தின் வரைவு 2022 செப்டம்பரில் பொதுக் கருத்துக்கு வந்தபோது, வாட்ஸ்அப் போன்ற செயலிவழித் தகவல் சேவைகளையும் பெயர் சொல்லியே தொலைத்தொடர்புக்குள் சேர்த்திருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு வந்த 2023 மசோதாவில் அந்தச் சொற்கள் இல்லை. பொருள்வரையறை இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது, சண்டை ஓயவில்லை. இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வரைவு நிலையில் நடந்ததே தவிர அவையில் நடக்கவில்லை.

அப்படியானால் எம்.பி. எதற்கு? கேள்வி கேட்பதற்கு. எம்.பி. அலுவலகத்துக்கு வரும் தபாலில் பெரும்பகுதி ரயில் டிக்கெட் கோட்டா, மருத்துவ உதவி, சாலை. அதற்கு நடுவே 'இணைய சுதந்திரத்தைக் காப்பாற்றுங்கள்' என்று மூன்று பக்கம் எழுதினால் உதவியாளர் மடித்து வைத்துவிடுவார். அதற்குப் பதில், அப்படியே எடுத்துப் போட்டுக் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: இந்த விதியின்கீழ் கடந்த ஆண்டு எத்தனை உத்தரவுகள் போடப்பட்டன, எத்தனை மறுஆய்வு செய்யப்பட்டன. கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே அனுப்பிவிட வேண்டும். அமைச்சரின் பதில் அவைப் பதிவாகிவிடும். அடுத்த முறை டிராய்க்கோ நீதிமன்றத்துக்கோ எழுதும்போது அதுவே சான்று.

கையெழுத்தும் ஒற்றை நட்சத்திரமும்

கையெழுத்து மனுவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூட்டத்தைத் திரட்டும், செய்தியாகும். தவறில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 2017 சாட்சி. தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி இணையச் சமநிலை விதிகளை நீக்க முனைந்தபோது 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் குவிந்தன. அவற்றில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2021இல் அறிவித்தது. 85 லட்சம் அகண்ட அலைவரிசை நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய வேலை. இன்னொரு 77 லட்சத்தை விதிகளுக்கு ஆதரவாக, மென்பொருள் கொண்டு அனுப்பியவர் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர்! இரு தரப்புப் போலிகளுக்கும் நடுவில் உண்மையாக எழுதியவர்களின் குரல் காணாமல் போனது. 2017 டிசம்பர் 14 அன்று 3-2 என்ற வாக்கில் விதிகள் நீங்கின.

மனுவைவிட எனக்குப் பிடித்தது நிறுவனத்தை நேரே உரசுவது. 2015 ஏப்ரலில், செயலி நிறுவனமே டேட்டா செலவை ஏற்று வாடிக்கையாளருக்கு அந்தச் செயலியை இலவசமாக்கும் ஏர்டெல் ஜீரோ திட்டத்தில் ஃபிளிப்கார்ட் சேரப்போகிறது என்று தெரிந்ததும், பயனாளர்கள் அதன் செயலிக்கு ஒற்றை நட்சத்திர மதிப்பீடு போட ஆரம்பித்தார்கள். 14ஆம் தேதி ஃபிளிப்கார்ட் விலகியது. மறுநாள் கிளியர்டிரிப் என்ற பயண முன்பதிவுத் தளம், ஃப்ரீ பேசிக்ஸின் முந்தைய வடிவமான இன்டர்நெட்.ஆர்க் திட்டத்திலிருந்து வெளியேறியது. எனக்குத் தெரிந்து இந்தியாவில் இதுபோல ஒரே வாரத்தில் பலன் தந்த வழி வேறில்லை. பெயர் கெட்டுப்போகும் பயமுள்ள நிறுவனத்திடம் மட்டுமே பலிக்கும் என்பது இதன் எல்லை.

இணையத்தையே அணைக்கும்போது

மேலே சொன்ன வரிசை விலைக்கும் வேகத்துக்கும் உரியது. இணைய முடக்கத்துக்கு அது உதவாது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. அன்று நடைமுறையில் இருந்த 2017 விதிகளின்படி உத்தரவிட்டவர் மாநில உள்துறைச் செயலாளர். இதில் டிராய் வராது, கலந்தாய்வும் கிடையாது, எம்.பி.க்குக் கடிதம் போய்ச் சேருவதற்குள் இணையமே திரும்பி வந்துவிடும். இங்கே முதலிடம் உயர் நீதிமன்றத்துக்கு. 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் முடக்கம் பற்றிய அனுராதா பசின் வழக்கில், முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையறையின்றி முடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் இணையம் நின்றால் முதலில் கேட்க வேண்டியது அந்த உத்தரவின் நகலைத்தான். அது கையில் இல்லாமல் வழக்கறிஞரிடம் போனாலும், அவர் கேட்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.