ஃப்ளாட்டாங்கர் குகை: ‘சைலன்ஸ்’ ரூட்டைப் பார்க்கவே போகலாம்

நார்வேயில் ட்ரொண்ட்ஹைம் நகரிலிருந்து வடக்கே காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். பஸ்ஸை நம்ப வேண்டாம், வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். மளிகைச் சாமான் விலையெல்லாம் நார்வே விலைதான், அதாவது அதிகம். பாறையேறுபவர்கள் இங்கே வருவது ஹான்ஷெல்லரன் குகைக்காக. கூரை அவ்வளவு தூரம் வெளியே நீண்டிருப்பதால் மழை நாளிலும் பல ரூட்களில், அதாவது பாறையில் ஏறும் பாதைகளில், ஏறலாம்.

நான் போனது ‘சைலன்ஸ்’ ரூட்டுக்காக. செக் நாட்டு ஆடம் ஓன்ட்ரா 2017 செப்டம்பர் 3 அன்று முதன்முதலாக ஏறி முடித்தது. உலகின் முதல் 9சி. (இது ரூட்டின் கடினத்தைச் சொல்லும் அளவு: எண் கூடக் கூடக் கடினம், ஒரே எண்ணுக்குள் ஏ, பி, சி என்று கூடும், + இருந்தால் இன்னும் சற்று அதிகம்.) வீடியோவில் எத்தனை முறை பார்த்தாலும் அதன் சாய்வு பிடிபடாது. அடியில் நின்று கழுத்தை முழுதாகப் பின்னால் சாய்த்தால்தான் தெரியும், அது சுவரே இல்லை, கூரை.

மொத்தம் 45 மீட்டர். அதில் முதல் 20 மீட்டரே 8பி கடினம். என்னைப் போல 7ஏ ஏறுபவருக்கு அதுவே எட்டாத உயரம். ஓன்ட்ராவுக்கு அது வெறும் வழி. அதற்குப் பிறகுதான் பத்து அசைவுகளில் 8சி போல்டர் அளவுக்கான கடினப் பகுதி வருகிறது (போல்டர் என்பது கயிறில்லாமல் ஏறும் சிறு பாறை, அதற்குத் தனி அளவுகோல்; அதில் 8சி என்பது ரூட்டின் 8சியை விட மிகக் கடினம்). அங்கே அவர் உடம்பைத் திருப்பி, காலை முன்னே அனுப்பி, விரிசலில் பாதத்தைச் செருகித் தலைகீழாக நகர்கிறார். அந்த விரிசலைக் கீழிருந்து தேடிக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. முழங்காலைப் பாறையில் முட்டுக்கொடுத்துத் தொங்கி இளைப்பாறுவதற்காகக் கெண்டைக்கால் தசைக்கென்றே தனியாகப் பயிற்சி செய்திருக்கிறார். விரல் பலம் மட்டும் போதும் என்று நம்புகிற நண்பர்களை இங்கே கூட்டிவர வேண்டும். உச்சியை அடைந்ததும் அவரால் கத்தக்கூட முடியவில்லை, கண்ணீரோடு கயிற்றில் தொங்கினார். பெயர் அதனால் வந்ததுதான்.

இந்தக் குகையில் அது மட்டுமில்லை. 2012-இல் இதே ஓன்ட்ரா ஏறிய ‘சேஞ்ச்’ உலகின் முதல் 9பி+. 2023-இல் ஆஸ்திரிய வீரர் ஜேக்கப் ஷூபர்ட் ‘பிக்’ ரூட்டை ஏறி, அது 9சி என்று முன்வைத்தார். ஒரே குகையில் இத்தனையும் இருப்பது வேறெங்கே?

சரி, நீங்கள் ஏறலாமா? குகைக்குள் பெரும்பாலும் கடினமான ரூட்கள்தான். நடுத்தர நிலையில் இருப்பவர்கள் சுற்றியுள்ள மற்ற பாறைகளுக்குப் போங்கள், அங்கே நிறைய உண்டு. குகைக்குள் ஏறுவதாக இருந்தால் 80 மீட்டர் கயிறு கொண்டுவாருங்கள், 60 போதாது. கோடையில் வெளிச்சம் இரவு வரைக்கும் இருக்கும், அதனால் அவசரமே வேண்டாம்.

ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் தருகிறேன்.