"எந்த உயரத்துக்கும் ஒரே டியூனிங்" என்று சொல்பவரிடம் டர்போ ஸ்லெட்டை விடாதீர்கள்

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா பக்கம் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி, பேச்சில் ஸ்லெட்) ஓட்டும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். என் 850 சிசி டூ-ஸ்ட்ரோக் ஸ்லெட்டுக்கு டர்போ கிட் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வாங்கி, பொருத்தி டியூன் செய்வதற்காக வான்கூவர் அருகே ஒரு கடையில் விட்டேன். கம்பெனியே பொருத்தி விற்கும் பேக்டரி டர்போ மாதிரியே எல்லா உயரத்திலும் ஓடும் என்று உறுதி சொன்னார்கள். உயரத்துக்கு ஏற்ப எரிபொருளைச் சரிசெய்யும் பாரோமெட்ரிக் சென்சாருக்கு ஒரு தொகை, மலையில் ஓட்டிப் பார்த்து டியூன் செய்ததற்கு ஒரு தொகை என்று பில்லில் தனித்தனியாகப் போட்டு வாங்கினார்கள்.

ரெவெல்ஸ்டோக் மலைகளில் மேலே, 2,000 மீட்டருக்கு அப்பால், வண்டி பிரமாதமாக இழுத்தது. கீழே இறங்கிப் பள்ளத்தாக்குச் சாலையில் வேகம் எடுத்தபோது இன்ஜின் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பிஸ்டனின் தலையில் ஓட்டை.

கடையில் சொன்ன காரணம், "மட்டமான பெட்ரோல்." நான் போட்டது கிட் தயாரிப்பாளர் கேட்ட 91 ஆக்டேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சென்சாரைத் தேடினார். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் கண்ட்ரோலரை லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தால் இருப்பது ஒரே ஒரு மேப் (எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை). உயரத் திருத்த அட்டவணை முழுக்கப் பூஜ்யம். மலையில் ஓட்டியதாகச் சொன்னார்களே, அந்த ஓட்டத்தின் பதிவு ஒன்றுகூட இல்லை. யாரோ உயரமான இடத்துக்குத் தயாரித்த மேப்பை அப்படியே ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு.

பிஸ்டன் ஏன் போனது என்பதை நீங்களும் புரிந்துகொள்ளுங்கள், ஏமாற்றைப் பிடிக்க அது உதவும். பூஸ்ட் என்பது டர்போ தரும் கூடுதல் அழுத்தம்; பூஸ்ட் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும்தான். 2,100 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 11.4 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு). அதோடு 8 பூஸ்ட் சேர்ந்தால் 19.4. ரெவெல்ஸ்டோக் ஊர் இருக்கும் 480 மீட்டரில் வெளிக்காற்றே 13.9; அதே 8 சேர்ந்தால் 21.9. மீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்கும், ஆனால் இன்ஜினுக்குள் போகும் காற்று எட்டில் ஒரு பங்கு கூடுதல். பெட்ரோலோ மேலே இருந்த அதே அளவு. கலவை லீன் ஆகி (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல்), நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து, பிஸ்டன் உருகுகிறது. கீழ் உயரத்துக்கான மேப் என்றால் நேர்மாறு: மேலே போனதும் பெட்ரோல் அதிகமாகி வண்டி திணறும்.

ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைல் பிராண்ட் 2020 மாடலில் கொண்டுவந்த பேக்டரி டர்போ 8,000 அடி வரை 165 குதிரைத்திறனைக் காப்பது, கம்ப்யூட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து பூஸ்டையும் பெட்ரோலையும் கூட்டிக் குறைப்பதால்தான். அந்த அளவீடே இல்லாமல் "பேக்டரி மாதிரி" என்று விற்றது பச்சைப் பொய். இதை எழுதும்போதும் கோபமாக வருகிறது. பனிச்சரிவு அபாயம் உள்ள, போன் சிக்னல் இல்லாத இடத்தில், இருட்டும் நேரத்தில் இன்ஜின் நின்றிருந்தால்?

பணம் கொடுக்கும் முன் கடைக்காரரை சென்சாரைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று கீழே, ஒன்று மேலே என்று இரண்டு உயரங்களில் எடுத்த லாக் பைல் (ஓட்டத்தின் பதிவு) கேளுங்கள். அதில் காற்று-எரிபொருள் விகிதமும் எக்ஸாஸ்ட் வெப்பநிலையும் இருக்க வேண்டும். கிளட்ச் வெயிட்டையும் (இன்ஜின் சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்த கிளட்சில் இருக்கும் எடைகள்) விடாதீர்கள்: டர்போ போட்டபின் பழைய வெயிட்டே போதும் என்று என்னிடம் சொன்னார்கள், அதுவும் தவறு. கூடுதல் சக்திக்குக் கனமான வெயிட் இல்லையென்றால் ஆர்.பி.எம். எல்லை மீறும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 5,000 டாலர் வரையிலான இத்தகைய தகராறுகளை சிவில் ரெசல்யூஷன் டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமல் இணையத்திலேயே பதியலாம். நான் பதிந்துவிட்டேன். அது தெரிந்ததும், "சோதித்துப் பார்க்க" அந்தப் பிஸ்டனை அனுப்பச் சொல்லிக் கடையிலிருந்து கேட்டார்கள். போட்டோ மட்டும் அனுப்பினேன். உங்களிடமும் கேட்பார்கள்; அதுதான் உங்கள் ஆதாரம், கொடுத்துவிடாதீர்கள்.