இளநீரா, பருப்பா, நீராவா: ஐம்பது மரக்காரருக்கு எது தாங்கும்?

25 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 70 தென்னை. சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் அந்த அளவுகூட இல்லாமல், ஐம்பது மரத்தை நம்பிப் பிழைக்கும் வீடுகள் உண்டு. பக்கத்திலேயே ஒரு மரமும் இல்லாமல் கூலிக்குப் போகும் வீடுகளும் உண்டு. தென்னையால் ஊர் வறுமை குறையுமா என்று யார் கேட்டாலும், நான் இந்த இரண்டு வீட்டையும் சேர்த்துத்தான் பார்ப்பேன்.

இளநீர் கைக்காசு. காய் முற்றி நெற்றாக 11, 12 மாதம் ஆகும். இளநீரை ஆறேழு மாதத்திலேயே இறக்கலாம். வியாபாரியே ஆளோடு வந்து வெட்டி, வண்டியேற்றி, பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரிச் செலவு வந்து நிற்கும் வீட்டுக்கு இதைவிட்டால் வழியில்லை. ஆனால் குலையோடு மட்டையும் தொட்டியும் (சிரட்டையும்) வண்டியேறிவிடும், அவற்றால் கிடைக்கும் கூலியும் சேர்ந்து போய்விடும்.

பருப்பு, அதாவது கொப்பரை, அப்படியல்ல. ஒருவர் கடப்பாரையை நட்டு மட்டை உரிப்பார். இரண்டு பெண்கள் காயை உடைத்துத் தண்ணீரை வடித்து, மூடிகளை வானம் பார்க்கப் பரப்புவார்கள். ஓரிரு நாள் நல்ல வெயில் பட்டால் பருப்பு ஓட்டை விட்டு விலகத் தொடங்கும். கத்தி நுனியை விட்டு ஒரு திருப்புத் திருப்பினால் கிண்ணம் போலக் கழன்று கையில் விழும். பிறகும் சில நாள் காயவேண்டும். அதற்குள் மழை பிடித்தால் போச்சு. ஓர் ஐப்பசியில் எங்கள் பருப்பில் பச்சையாகப் பூசணம் ஏறிவிட்டது. வந்த வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். அம்மா கோபத்தில் மூட்டையைத் திரும்பக் கட்டிவிட்டாள். மறுவாரம் அதைவிடக் குறைத்துத்தான் கொடுத்தோம்.

கணக்கைப் பாருங்கள். மரத்துக்கு வருஷம் 100 காய் என்று வைத்தால் 50 மரத்தில் 5,000. ஏழு காய்க்கு ஒரு கிலோ என்றால் சுமார் 700 கிலோ பருப்பு. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு (எண்ணெய் ஆட்டும் பருப்புக்கு) அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அதன்படி 81,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கூலியை இதில் கழிக்கவேண்டும். ஆனால் அந்தக் கூலி பக்கத்து வீட்டு அடுப்புக்குத்தான் போகிறது. சந்தை ஏறினால் இன்னும் கூடும், சரிந்தால் ஆதரவு விலை ஒரு பிடிமானம். ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டினால் அந்த விலைக்கு நடக்கும் அரசுக் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள்.

நீரா, அதாவது தென்னம்பாளையைச் சீவி இறக்கும் புளிக்காத சாறு, கேட்க இனிக்கும். தமிழ்நாட்டில் 2017இல் விதிமுறை வந்தது. உரிமம் வேண்டும், பாளை சீவத் தெரிந்த ஆள் நாள் தவறாமல் மரமேற வேண்டும், புளிக்காமல் குளிரில் வைக்க வேண்டும். ஐம்பது மரக்காரர் தனியாக இதில் இறங்கினால் கடன்தான் மிஞ்சும். கயிறு, நார் ஆலையும் அப்படியே. ஆனால் பருப்பு போடும் ஊரில் மட்டை தானாகச் சேரும், ஆலைக்கு அதையும் விற்கலாம்.

என் கை பருப்பு பக்கம்தான். அவசரத்துக்குப் பத்து மரத்தை இளநீருக்கு விட்டுவிட்டு, மீதியைப் பருப்பாக்கலாம். ஆனால் தனித்தனி வாசலில் காயவைத்தால் எங்கள் வீட்டுக் கதைதான். சரக்கைச் சேர்த்து வைத்து விற்பது சேலத்துக்குப் புதிதல்ல. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981இலேயே சேகோசர்வ் என்று கூட்டுறவு அமைத்து, டெண்டரில் விற்கிறார்கள். தென்னைக்கு இருபது வீடு சேர்ந்து ஒரு சோலார் உலர்த்தி, ஓர் ஈரமானி, பூட்டு போட்ட ஓர் அறை வைத்தால் போதும், அடுத்த ஐப்பசிக்கு முன்னால்.